ஓட்டிக்கொண்டே புதுப்பிக்கும் கார்

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஓட்டு வீடுகளில் ஓடு மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்காக வீட்டுக்காரர்கள் வேறு வீடு பார்த்துக் குடிபோவதில்லை. காலையில் ஒரு பக்கத்து ஓடுகளைப் பிரிப்பார்கள். உளுத்துப்போன கைமரத்தை மாற்றுவார்கள். மாலையில் விளக்கு வைப்பதற்குள் மறுபடி வேய்ந்துவிடுவார்கள். இரவில் மழை வந்தாலும் அந்த வீட்டில் படுத்துத் தூங்கலாம். மறுநாள் அடுத்த பக்கத்தில் கை வைப்பார்கள்.

ஐம்பது அறுபது வயதான ஒரு காரை இதே முறையில் புதுப்பிக்க முடியுமா? வாரம் முழுவதும் அதை ஓட்டிக்கொண்டே, சனி ஞாயிறுகளில் மட்டும் வீட்டுக் கொட்டகையில் வேலை செய்து புதுப்பிக்க முடியுமா? முடியும். இங்கிலாந்தில் பலர் இதைப் பொழுதுபோக்காகவே செய்து வருகிறார்கள். ஆனால் எந்த வேலை முதலில், எந்த வேலை கடைசியில் என்பதைக் கண்ணுக்குத் தெரியும் அழகைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நீங்கள் வகுப்பில் படிக்கும் பௌதிகமும் வேதியியலும்தான் அந்த வரிசையை முடிவு செய்ய வேண்டும். வரிசை தவறினால் வீணாவது பணம் மட்டுமல்ல, உயிரே போகலாம்.

உதாரணத்துக்கு ஒரு குறிப்பிட்ட காரையே எடுத்துக்கொள்வோம். எம்.ஜி.பி. என்பது அதன் பெயர். எம்.ஜி. என்ற எழுத்துகள் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் இருந்த 'மாரிஸ் கராஜஸ்' என்ற நிறுவனத்தின் முதலெழுத்துகள். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை இந்தக் காரைத் தயாரித்தார்கள். இருவர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத பந்தயக்கார் போன்ற வடிவம். கூரை வைத்த மற்றொரு வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. எஞ்சினின் கொள்ளளவு 1798 கன செ.மீ. இந்த எஞ்சின் நமக்கு அந்நியமானதல்ல. நம் அம்பாசிடர் காரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின் இதே குடும்பத்தைச் சேர்ந்த தம்பிதான். அதைப் பிரித்து மாட்டிய நம் ஊர் மெக்கானிக்கை அபிங்டனில் கொண்டுபோய் விட்டிருந்தால் அவர் திகைத்து நின்றிருக்க மாட்டார்.

நிற்கும் காருக்கு என்ன ஆகிறது?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். பழைய காரை ஓட்டினால் தேய்ந்துபோகாதா? போர்த்தி மூடி வைத்து, முழுவதும் பிரித்து, ஒரேயடியாகப் புதுப்பிப்பதுதானே நல்லது? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடாமல் நிற்கும் கார் ஓடும் காரைவிட வேகமாகக் கெட்டுப்போவதுண்டு.

எஞ்சின் ஓடும்போது அதன் உருளைச் சுவர்களில் எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கும். மாதக்கணக்கில் நின்றால் அந்த எண்ணெய் வழிந்து இறங்கிவிடும். வெறுமையான இரும்பைக் காற்றிலுள்ள ஈரம் தாக்கும். பிஸ்டன் வளையங்கள் துருப்பிடித்துச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெயில் நனைந்தே இருக்க வேண்டிய ரப்பர் வளையங்கள் உலர்ந்து வெடிக்கும்.

'அப்படியானால் கொட்டகையிலேயே வைத்து வாரம் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டிவிட்டால் போதாதா?' என்று கேட்கலாம். அது இன்னும் கெடுதல். ஏன் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். பெட்ரோலை ஆக்டேன் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் ஆக்டேன் மூலக்கூறில் 18 ஹைடிரஜன் அணுக்கள் உள்ளன. அவை எரிந்தால் 9 நீர் மூலக்கூறுகள் உண்டாகும். அதாவது 114 கிராம் ஆக்டேனிலிருந்து 162 கிராம் நீர் கிடைக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை சுமார் 740 கிராம். இப்போது நீங்களே வகுத்துப் பெருக்கிப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர்! நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய காரில் இந்த நீர் ஆவியாகவே வெளியேறிவிடுகிறது. ஐந்து நிமிடம் மட்டும் ஓடிய எஞ்சினிலோ அது குளிர்ந்து சைலன்சருக்குள்ளும் எஞ்சின் எண்ணெயிலும் தங்கிவிடுகிறது. உள்ளிருந்தே துரு தொடங்குகிறது.

ஆகவே ஓட்டுங்கள், ஓட்டினால் நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்டுங்கள் என்கிறார்கள் இதில் தேர்ந்தவர்கள். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரே நாளில் பிரித்துப்போட்ட காரில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் டப்பாக்களில் கிடக்கும். உற்சாகம் ஓர் ஆண்டு தாங்கும். அதற்குப் பிறகு தூசி படியும். அப்படிப் பிரித்தவர் மாட்டி முடிக்காமல், டப்பாக்களோடு விலைக்குப் போகும் கார்கள் ஏராளம். ஓடும் காரோ தன் குறைகளை ஒவ்வொன்றாகத் தானே சொல்லும். ஒரு முனகல், ஓர் அதிர்வு, தரையில் ஒரு சொட்டு எண்ணெய்: இவையெல்லாம் அதன் மொழி.

முதல் வேலை நிற்க வைப்பது

புதிதாகப் பழைய கார் வாங்கியவர் முதலில் வண்ணம் பூச ஆசைப்படுவார். அடுத்து எஞ்சினைக் கழற்ற ஆசைப்படுவார். இரண்டுமே தவறு. ஓட்டப்போகும் காரில் முதல் வேலை பிரேக்.

எம்.ஜி.பி. காரும் ஓட்டுபவரும் பெட்டியும் சேர்ந்து 1000 கி.கி. என்று கொள்வோம். மணிக்கு 72 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 20 மீட்டர். இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது: 2,00,000 ஜூல். காரை நிறுத்தும்போது இவ்வளவும் பிரேக்கில் வெப்பமாக வேண்டும். இந்த வெப்பத்தைக் கொண்டு அரை லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரே ஒரு தடவை நிறுத்தியதற்கு இவ்வளவு! மலைச்சாலையில் 100 மீட்டர் உயரம் இறங்கினால் கணக்கு இன்னும் பெரிது. அந்த நிலை ஆற்றல் 9,80,000 ஜூல். ஏறக்குறைய ஐந்து தடவை நிறுத்தியதற்குச் சமம். எம்.ஜி.பி.யின் முன் சக்கரங்களில் தட்டு பிரேக்கும் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கும் இந்த வெப்பத்தைத் தாங்க வேண்டும்.

காலால் மிதிக்கும் விசை சக்கரத்துக்குப் போவது பாஸ்கல் விதிப்படி, ஒரு திரவத்தின் வழியாக. 20 கி.கி. எடை அளவுக்கு நீங்கள் மிதிக்கிறீர்கள். நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்குகிறது. பிஸ்டனின் பரப்பு 4 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் சதுர செ.மீ.க்கு 25 கி.கி. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல். முன் சக்கரங்கள் திரும்ப வேண்டியிருப்பதால் அங்கே இந்த அழுத்தத்தைத் தாங்குவது வளையக்கூடிய ரப்பர் குழாய். நாற்பது ஆண்டு பழகிய ரப்பர்! தொடக்க கால எம்.ஜி.பி.க்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்றுதான். ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கும் போயிற்று; மிஞ்சுவது கம்பியால் இழுக்கும் கை பிரேக் மட்டும்.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் உண்மையில் எண்ணெயே அன்று. அது கிளைக்கால் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள். உப்பு மழைக்காலத்தில் கசிவதுபோல் இதுவும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் குழாயின் சுவர் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே புகுந்துவிடும். இன்று பரவலாகப் பயன்படும் 'டாட் 4' என்ற தரத்தின்படி, புதுத் திரவம் குறைந்தது 230° செ. வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பின் இந்த எல்லை 155° செ. தான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது இந்த வேறுபாடுதான் உயிர்நிலை. திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். ஒரு கன செ.மீ. நீர் சாதாரண அழுத்தத்தில் ஆவியானால் சுமார் 1,700 கன செ.மீ. இடத்தை அடைக்கும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்க முடியும். நீங்கள் மிதிக்கிறீர்கள்; குமிழ் சுருங்குகிறது; சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேருவதில்லை. மிதிகட்டை தரையைத் தொட்டுவிடுகிறது, கார் இறங்கிக்கொண்டேயிருக்கிறது.

இதற்கு மருந்து மிக மலிவு. பழைய திரவத்தை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றி, குழாயிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ரப்பர் குழாய்களைப் புதிதாக மாற்ற வேண்டும். துருப்பிடித்த இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகத் துருவேறாத செம்பு-நிக்கல் கலவைக் குழாய்களைப் போடுகிறார்கள். வாங்க வேண்டியவற்றை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டால் இந்த வேலை சனிக்கிழமை தொடங்கி ஞாயிறு மாலைக்குள் முடிந்துவிடும். புதுச் சாமான் கைக்கு வராமல் பழையதைக் கழற்றாதே என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் விதி என்பேன்.

வேறு ஓர் எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரை ஜாக்கியால் தூக்கிவிட்டு அதன் அடியில் ஒருபோதும் புகக் கூடாது. தூக்கிய பிறகு உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளை அண்டை கொடுத்து, காரின் எடை அவற்றின் மேல் இறங்கிய பின்பே கையை உள்ளே நீட்ட வேண்டும். ஜாக்கியின் உள்ளே இருப்பதும் ஒரு ரப்பர் வளையமும் கொஞ்சம் எண்ணெயும்தான்.

துரு என்னும் மின்கலம்

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க உப்பைத் தூவுகிறார்கள். உப்பு கலந்தால் நீரின் உறைநிலை தாழும் என்பது உங்களுக்குத் தெரியும். சாலைக்கு அது நல்லது, காருக்கு எமன். கடற்கரை ஊர்களில் ஜன்னல் கம்பிகள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி. இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் இரும்பின் வழியாகவே இன்னோர் இடத்துக்கு ஓடி, அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனோடு சேர்கின்றன. சுற்றை முழுமையாக்குவது ஈரம். உப்பு கலந்த ஈரத்தில் மின்சாரம் எளிதாகப் பாயும். ஆகவே துருவும் வேகமாகப் பிடிக்கும்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. ஆக்சிஜன் நிறையக் கிடைக்கும் இடத்தில் இரும்பு கரைவதில்லை. ஆக்சிஜன் குறைவாக உள்ள இடத்தில்தான் கரைகிறது! நம்பாதவர்கள் ஓர் இரும்புத் தகட்டை மணல்தாளால் பளபளவென்று தேய்த்து, அதன்மேல் ஒரு சொட்டு உப்பு நீரை விட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். காற்று எளிதில் எட்டும் ஓரப் பகுதி பளபளப்பாகவே இருக்கும். நடுப்பகுதிதான் அரிக்கப்பட்டிருக்கும், இரண்டுக்கும் இடையே துரு வளையமாகப் படியும்.

இப்போது எம்.ஜி.பி.க்கு வாருங்கள். முன் சக்கரம் வாரி இறைக்கும் சேறு, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள மூலையில் அப்பிக்கொள்கிறது. சேற்றுக்கு அடியில் ஈரம் உண்டு, உப்பு உண்டு. ஆக்சிஜன் மட்டும் குறைவு. சொட்டின் நடுப்பகுதியில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இணைப்புகளிலும் இதே கதை. வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே சுமார் ஒரு மி.மீ. தடிமனே உள்ள தகடு காகிதமாகிக்கொண்டிருக்கும். துரு தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு இடத்தை அடைப்பதால், வண்ணம் கொப்புளமாக எழும்பும். கொப்புளத்தைச் சுரண்டிவிட்டுப் பட்டி வைத்து மூடுபவர்கள் துருவை ஈரத்தோடு சேர்த்துப் பூட்டி வைக்கிறார்கள். பார்ப்பதற்கு அழகு, அவ்வளவுதான்.

தீப்பெட்டிப் பாடம்

ஒரு தீப்பெட்டியின் உள்தட்டை வெளியே எடுத்து, இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். சுலபமாக முறுக்கும். அதையே உறைக்குள் தள்ளிவிட்டு முறுக்கிப் பாருங்கள். பிடிவாதமாக எதிர்க்கும். அட்டை அதே அட்டைதான். நான்கு பக்கமும் மூடிய பெட்டியானதால் வந்த வலிமை அது.

பழைய கார்கள் பலவற்றில் அடியில் ஒரு கனமான இரும்புச் சட்டமும் அதன்மேல் தனியாக ஓர் உடலும் இருக்கும். எம்.ஜி.பி. அப்படியல்ல. அதன் உடற்கூடே சட்டத்தின் வேலையையும் செய்கிறது. கூரை இல்லாத காராகையால் அது உறையில்லாத தீப்பெட்டித் தட்டுதான். அந்தக் குறையை ஈடுசெய்வது, இரு கதவுகளுக்கும் அடியில் முன்னிருந்து பின்னாக ஓடும் இரண்டு நீண்ட அடிச்சட்டங்கள். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று பல தகடுகளைப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்து மூடிய பெட்டிகள் அவை. துரு தேடிப்பிடித்துத் தின்பதும் இவற்றைத்தான்.

இந்த அடிச்சட்டம் உளுத்துப்போயிருந்தால் அந்தக் காரை ஓட்டவே கூடாது. ஒரு ஸ்குரு டிரைவரால் அடியில் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும். கெட்டது பொத்துக்கொண்டு உள்ளே போகும். பழுதான பகுதியை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் கார் சில வாரம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும். இரண்டு நாளில் முடிப்பேன் என்பவரை நம்பாதீர்கள்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 2.3 மீட்டர். காரை இரு முனையில் தாங்கிய உத்தரமாக நினைத்துக்கொள்ளுங்கள். அடிச்சட்டத்தை அறுத்தவுடன் உத்தரம் நடுவில் தொய்யும். தொய்ந்தால் கதவு இடைவெளியின் மேல்பகுதி குறுகும். தொய்ந்த நிலையிலேயே புதுத்தகட்டை வெல்டிங் செய்துவிட்டால் அந்தக் கதவு இனி ஒருநாளும் ஒழுங்காக மூடாது. கார் வாழைப்பழம்போல் வளைந்தே இருக்கும். ஆகவே அறுப்பதற்கு முன்பே கதவு இடைவெளிக்குக் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்து விறைப்பாக்கிக்கொள்வார்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் அறுப்பார்கள். நான்கு புள்ளி பற்றவைத்ததும் கதவை மாட்டி மூடிப் பார்ப்பார்கள். ஓடு மாற்றுபவரின் நிதானம் இங்கே வேண்டும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுவதும், அருகிலுள்ள பெட்ரோல் குழாயை அப்புறப்படுத்துவதும் கட்டாயம். எம்.ஜி.பி.யின் பெட்ரோல் தொட்டி பின்பக்கப் பெட்டி அறைக்கு அடியில் இருக்கிறது; குழாய் காரின் அடிவயிறு வழியாக எஞ்சினுக்கு வருகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் கொட்டகைத் தரையில் தண்ணீர்போல் பரவித் தேங்கும். தீப்பொறி விழுவதும் தரையில்தானே?

தகடு எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து, 1988-இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையே மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. நின்றுபோன ஒரு காருக்கு இப்படி ஒரு யோகம் அபூர்வம்.

ஒரு சமயத்தில் ஒரே மாற்றம்

எஞ்சின் இருமுகிறது, இழுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வால்வு இடைவெளி, பாயிண்ட் இடைவெளி, தீப்பொறி விழும் நேரம், கார்ப்பரேட்டரின் கலவை என நான்கு இடத்தில் குறை இருக்கலாம். ஒவ்வொன்றும் சரி அல்லது தவறு என்றாலே மொத்தம் 16 நிலைகள். ஞாயிறு காலையில் நான்கையும் திருகிவிட்டால், கார் சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது; கெட்டாலும் ஏன் கெட்டது என்று தெரியாது. ஆய்வுக்கூடத்தில் ஊசல் சோதனை செய்யும்போது நீளத்தை மாற்றினால் குண்டை மாற்றாதே என்று சொல்கிறோம் அல்லவா? அதே சட்டம்தான் இங்கும். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், குறித்து வை.

இதிலும் ஒரு வரிசை உண்டு. பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் தீப்பொறி நேரமும் நகரும். ஆகவே இடைவெளி முதலில், நேரம் பிறகு. எம்.ஜி.பி.யில் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.38 மி.மீ.; பிளக் இடைவெளி சுமார் 0.64 மி.மீ. கார்ப்பரேட்டர் கடைசியில். தீப்பொறியே சரியில்லாதபோது கலவையைத் திருத்துவது, கண்ணாடி அழுக்காயிருக்கும்போது விளக்கைத் திருத்துவதுபோல.

இந்தக் காரில் உள்ள இரண்டு எஸ்.யு. கார்ப்பரேட்டர்களும் அழகான கருவிகள். சாதாரணக் கார்ப்பரேட்டரில் காற்று போகும் தொண்டையின் அகலம் மாறாது. எஸ்.யு.வில் எஞ்சின் அதிகக் காற்றை இழுக்க இழுக்க, உறிஞ்சலால் ஒரு பிஸ்டன் தானாகவே மேலே எழும்பித் தொண்டையை அகலமாக்குகிறது. அதன் அடியில் கூர்ந்து செல்லும் ஊசி ஒன்று தொங்குகிறது. பிஸ்டன் எழும்பினால் ஊசியும் பெட்ரோல் துளையிலிருந்து எழும்பும். துளையின் திறப்பு பெரிதாகும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். கணினி இல்லாத காலத்தில் காற்றழுத்த வேறுபாட்டை வைத்தே செய்த கணக்கு இது.

விளக்கு மங்கினால் பல்பைக் குறை சொல்லாமல் இணைப்புகளைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 60 வாட் விளக்கின் தடை 2.4 ஓம். துருப்பிடித்த இணைப்பு ஒன்றில் வெறும் 0.4 ஓம் சேர்ந்தால் விளக்குக்குக் கிடைப்பது சுமார் 10.3 வோல்ட்தான், வெளிச்சம் ஏறத்தாழ 60 சதவீதமாக இறங்கிவிடும். இதற்கு மருந்து ஒரு துண்டு மணல்தாள்.

இத்தனையையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்: தேதி, ஓடிய தூரம், செய்த மாற்றம், கண்ட விளைவு. உங்கள் செய்முறை நோட்டைப் போலத்தான். பிரிட்டனில் 40 ஆண்டுக்கு மேற்பட்ட, பெரிய மாறுதல் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே 1980-இல் வந்த கடைசி எம்.ஜி.பி.கூட இன்று எந்த ஆய்வாளர் முன்னும் நிற்கத் தேவையில்லை. இந்தச் சலுகை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காரை இன்னொருவர் கண் பார்ப்பது எப்போதும் நல்லது. விருப்பப்பட்டுச் சோதனைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு.

வண்ணம் எப்போது? எல்லாவற்றுக்கும் பிறகு. வெல்டிங்கின் சூடு வண்ணத்தைக் கருக்கும். தவறி விழும் ஸ்பேனர் அதைப் பெயர்க்கும். பிரேக் ஆயிலோ ஒரு சொட்டு பட்டாலும் வண்ணத்தைக் கரைத்து உரித்துவிடும். அதுவரை கார் பல நிறத் திட்டுகளோடு ஓடட்டும். வண்ணம் பூசி முடித்த பிறகு அடிச்சட்டப் பெட்டிகளுக்குள் உருகிய மெழுகைப் பீச்சி ஈரம் ஒட்டாமல் செய்வார்கள். பெட்டிகளின் அடியில் நீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் உண்டு. மெழுகு உறைந்ததும் ஒரு கம்பியை எடுத்து அந்தத் துளைகள் ஒவ்வொன்றையும் குத்தித் திறந்துவிடுவார்கள்.